பிசினுக்கு ஒரு கோல்

நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை சிஸ்டரம்மா முதலில் வாங்க மறுத்துவிட்டார். உறையின் மேல் இருந்தது அவருடைய கணவரின் முழுப்பெயர்தான். ஆனால் அந்த நீளமான பெயரை அவர் கடைசியாக எழுத்தில் பார்த்தது இறப்புச் சான்றிதழில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவருக்கு இப்போது என்ன கடிதம், வாக்காளர் பட்டியலில் ஏதாவது குளறுபடியாக இருக்கும் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். தபால்காரர் உறையை வாங்கி இன்னொரு தடவை படித்தார்.

"இது நம்ம பிசினுக்கு வந்ததுதான், சிஸ்டரம்மா. குடும்பத்தாருக்குன்னு கீழ போட்டிருக்கு பாருங்க."

பிசின் என்றால் ஊருக்கே தெரியும். பத்தொன்பது வருஷம் ஊர் அணிக்குக் கோல் காத்தவர். அதில் ஆறு வருஷம் நாட்டு அணிக்கும் ஆடினார். பந்து கையில் பட்டால் ஒட்டிக்கொண்டுவிடும் என்பதால் யாரோ வைத்த பெயர், கடைசிவரை அவரை விடவில்லை. ஓர் அரையிறுதியில் சுண்டுவிரல் முறிந்த கையோடு அடுத்தடுத்து இரண்டு பெனால்டிகளைப் பிடித்தார். "தட்டிவிடல, பிடிச்சாரு" என்று சலூனில் இன்றும் யாராவது அழுத்திச் சொல்வார்கள்.

அந்தச் சுண்டுவிரலுக்குக் கட்டுப் போட்டது, அரசு மருத்துவமனையில் அப்போது புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு நர்ஸ். கட்டைப் பிரித்த பிறகும் நோயாளி வருவதை நிறுத்தவில்லை. "வலிக்குதுன்னு சொல்வாரு. எங்கன்னு கேட்டா தினம் ஒரு விரலைக் காட்டுவாரு" என்று சிஸ்டரம்மா பிற்பாடு சொல்லிச் சிரிப்பதுண்டு. அவர் ஓய்வு பெற்று ஏழு வருஷமாகிறது. ஊருக்கு அவர் இன்னும் சிஸ்டரம்மாதான்.

கடிதம் சுருக்கமாக இருந்தது. ஊர் மைதானத்துக்கு மறைந்த கால்பந்து வீரரின் பெயரைச் சூட்ட நகர்மன்றம் நினைத்திருக்கிறது. குடும்பத்தாரின் சம்மதத்தை எழுத்தில் தர வேண்டும். சிஸ்டரம்மா அதை மூன்று முறை படித்தார். பிறகு மேசைக் கண்ணாடிக்கு அடியில், நேராக இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தார். அன்று சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்ததும் மேசையைக் காட்டினார்.

மகள் பஸ் ஓட்டுகிறாள். பதினோராம் எண். சந்தையிலிருந்து கிளம்பி, மருத்துவமனை, கோர்ட்டு எல்லாம் சுற்றிக்கொண்டு போய் நிற்கும் கடைசி நிறுத்தம் மைதானம். நின்றபடியே கடிதத்தைப் படித்தவள் முகத்தில் முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்படின்னா என் பஸ் போர்டுல அப்பா பேரைப் போடுவாங்களாம்மா?"

"போட்டா என்ன?"

"ஒரு நாளைக்கு ஆறு டிரிப். ஆறு தடவையும் நான் அப்பாவை நெத்தியில ஒட்டிக்கிட்டுத் திரியணுமா?"

அவள் பயந்தபடிதான் நடந்தது. செய்தி இரண்டே நாளில் பணிமனைக்குள் வந்துவிட்டது. அவளோடு போகும் கண்டக்டருக்கு வாய் சும்மா இருக்காது. சந்தை நிறுத்தத்தில் படியில் தொங்கியபடி, "பிசின், பிசின், பிசின் ஏறு" என்று கூவிப் பழக ஆரம்பித்துவிட்டார். டிக்கெட் கேட்கும் பெண்களிடம், இன்னும் கொஞ்ச நாளில் "பிசின் ரெண்டு கொடுங்க" என்றுதான் கேட்க வேண்டும் என்று பாடம் நடத்தினார். கடைசிப் பிசின் எத்தனை மணிக்கு, பிசின் ஏன் இன்றைக்குத் தாமதம், பிசின் எங்கே பஞ்சராகி நிற்கிறது என்று அவர் அடுக்கிக்கொண்டே போக, மகள் கண்ணாடி வழியாக முறைத்துப் பார்த்தாள். அவருக்கு அது உற்சாகமூட்டியதுபோல் இருந்தது.

இதற்குள் கவுன்சிலர் வீட்டுக்கே வந்துவிட்டார். பெயர் மாற்றும் யோசனை அவருடையதுதான். சின்ன வயதில் பிசினைப் போல முழங்கைக்குத் துணி சுற்றிக்கொண்டு தெருவில் விழுந்து புரண்டவர். சுருட்டிக் கொண்டுவந்திருந்த வரைபடத்தை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தார். வாசலில் ஒரு பெரிய இரும்பு வளைவு. அதன் மேல் எழுத்து. முழுப்பெயரைப் போட்டால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடுகிறது, தவிர அது யார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை, அதனால் 'பிசின் விளையாட்டரங்கம்' என்றே போட்டுவிடலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சிஸ்டரம்மாவுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. அவரே கணவரை எப்போதாவது கோபம் வந்தால்தான் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்.

ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "லேடீஸ் கழிப்பறையில தாழ்ப்பாள் கிடையாது. மேற்குப் பக்கம் கூரை ஒழுகுது. அவரு பேரை வெச்சப்புறம் 'பிசின்ல ஒழுகுது, பிசின் நாறுது'ன்னு நாலு பேர் பேசக் கூடாது. அதையெல்லாம் முதல்ல சரி பண்ணுங்க."

கவுன்சிலர் வரைபடத்தின் பின்பக்கத்திலேயே எழுதிக்கொண்டு போனார். அடுத்த மாதத்துக்குள் தாழ்ப்பாள் வந்தது, கூரைக்குப் புதுத் தகடு வந்தது. பல வருஷம் மனு கொடுத்து நடக்காதது நடந்துவிட்டது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

மகளின் மனம் மாறியது ஒரு மத்தியான டிரிப்பில். காய்கறிக்காரப் பெண்மணி ஒருத்தி, காலிக் கூடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்தவள், கண்டக்டரின் கேலியைக் கேட்டுக் கோபப்பட்டுவிட்டாள். அந்த அரையிறுதியை அவள் மதில் மேல் ஏறி உட்கார்ந்து பார்த்தவளாம். சொன்னால் புரியாது என்று கூடையைக் கீழே வைத்துவிட்டு, ஓடும் பஸ்ஸில் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்ற கையை நீட்டி இடப்பக்கமாகப் பாய்ந்து காட்டினாள். "இப்படிப் போனாரு. பந்து அவரைத் தேடி வந்த மாதிரி இருந்துச்சு." பஸ்ஸில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மகள் கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, கோர்ட்டு நிறுத்தத்தில் நிறுத்த மறந்து நேராகப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஆசை வந்துவிட்டது. அப்பா ஓய்வு பெற்றபோது கிளப்பில் கொடுத்தது ஓடாத ஒரு சுவர்க் கடிகாரம். கிளப்பின் பொன்விழா மலரில் போட்ட குழுப் படத்தில், ஓரத்தில் நின்றிருந்த அவருடைய பாதி முகம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. அப்பா அதைப் பார்த்து, "நல்ல பாதியத்தான் விட்டிருக்காங்க" என்று சொல்லி நகர்ந்துவிட்டார். அவளால் அப்படி நகர முடியவில்லை. இப்போது கண்டக்டர் "பிசின், பிசின்" என்று கூவினால் அவளுக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூவச் சொல்லலாமா என்றுகூட இருந்தது.

பெயர் சூட்டு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது. சிஸ்டரம்மாவுக்குக் கொஞ்ச காலமாகவே தூரத்து எழுத்து மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. விழா அன்று வளைவின் மேல் இருக்கும் பெயரைத் தன் கண்ணால் படிக்க வேண்டும் என்று கண்ணாடிக் கடைக்குப் போனார்.

கடைக்காரர் அறுபதை நெருங்கும் மென்மையான மனிதர். வாடிக்கையாளர் கண்ணுக்கு வலிக்குமோ என்பதுபோல் தணிந்த குரலில் பேசுவார். சிஸ்டரம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டு எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். நான்காவது வில்லையில் எழுத்து மட்டுமல்ல, அதற்கு மேல் சுவரில் மாட்டியிருந்த பழைய புகைப்படமும் தெளிவானது. முழங்கால்வரை சேற்றில் நின்றபடி, தலையில் கூடையோடு ஒரு மனிதர். தபால் இலாகாவின் தொப்பியைக் கழற்றி இடுப்பில் செருகியிருந்தார்.

யார் இது என்று சிஸ்டரம்மா கேட்டார். எங்கள் தாத்தா என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வில்லையைத் தேடினார். சேற்றில் என்ன செய்கிறார் என்று சிஸ்டரம்மா விடாமல் கேட்டார். கடைக்காரர் வில்லையைத் துடைத்துக்கொண்டே, சொல்ல விருப்பமில்லாதவர் போலத்தான் சொன்னார்.

மைதானம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சதுப்பு. கொசுவும் நாணலும் தவிர எதுவும் கிடையாது. ஊரில் பிள்ளைகள் வண்டிச் சாலையில் விளையாடி, ஒருத்தன் வண்டியில் அடிபட்டுக் கால் போனது. தாத்தா அப்போது போஸ்ட் மாஸ்டர். மறுநாளிலிருந்து தினமும் வேலை முடிந்து வரும்போது இடிந்த கட்டடங்களிலிருந்து ஒரு கூடை செங்கல் உடைசலை எடுத்துப்போய் அந்தச் சதுப்பில் கொட்ட ஆரம்பித்தார். பைத்தியம் என்று பேசினார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கூடை எடுத்தார்கள். தரை கெட்டியாகப் பதினோரு வருஷம் ஆயிற்று. அவர் ஒரு நாளும் பந்தை உதைத்ததில்லை. ஊர் சேர்ந்து மைதானத்துக்கு அவர் பெயரை வைத்துக் கல்லும் நட்டது. இப்போது கல் டிக்கெட் கவுன்டருக்குப் பின்னால் இருக்கிறது. எல்லோரும் மைதானம் என்று மட்டும் சொல்லிப் பழகிவிட்டார்கள்.

சிஸ்டரம்மா சோதனைச் சட்டத்தைக் கழற்றாமலேயே அவரைத் திரும்பிப் பார்த்தார். "இதை ஏன் நீங்க நகராட்சியில சொல்லல?"

"உங்க வீட்டுக்காரர் பேரை வைக்கிறதுல எனக்கும் சந்தோஷந்தான், சிஸ்டரம்மா. அந்தக் கல்லை எடுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. வண்டி கொண்டுவந்து வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போயிடறேன். அவ்வளவுதான்."

கண்ணாடி தயாராக நாலு நாள் ஆனது. அதை வாங்கி மாட்டிக்கொண்டு சிஸ்டரம்மா நேராக மைதானத்துக்கு நடந்தார். காவலாளியைக் கூப்பிட்டு, கவுன்டருக்குப் பின்னால் சாத்தியிருந்த பெஞ்சுகளை நகர்த்தச் சொன்னார். சுவரொட்டிப் பசையும் தூசியும் படிந்த கல்லைத் தன் கைக்குட்டையால் துடைத்தார். புதுக் கண்ணாடியில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. போஸ்ட் மாஸ்டரின் பெயர், வருஷம், அதற்குக் கீழே 'கூடை சுமந்தவர்கள் அனைவருக்கும்' என்று ஒரு வரி.

வெளியே பதினோராம் எண் பஸ் வந்து நின்றிருந்தது. திரும்பிப் புறப்பட இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். சிஸ்டரம்மா காலி பஸ்ஸில் ஏறி முதல் இருக்கையில் உட்கார்ந்து, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடைசியில், இந்தப் பெயர் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்.

மகள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்பாவுக்குன்னு கிடைச்சது இது ஒண்ணுதான். இதையும் நீ திருப்பிக் கொடுக்கணுமாம்மா?"

"இன்னொருத்தர் பேரை அழிச்சிட்டு அதுக்கு மேல எழுதினா, நாளைக்கு நம்ம பேரை அழிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"அந்தப் பேரு யாருக்கும் தெரியாதே."

"உங்க அப்பா முழுப்பேரும்தான் யாருக்கும் தெரியாது."

கண்டக்டர் வந்து விசிலடித்ததும் மகள் பஸ்ஸைக் கிளப்பினாள். அம்மா இறங்கவில்லை. கோர்ட்டு வந்தது, மருத்துவமனை வந்தது. அம்மாவும் மகளும் பேசாமல் வருவதைப் பார்த்துக் கண்டக்டர்கூட அன்று அடக்கி வாசித்தார். மகளுக்கு முதலில் கோபமாக இருந்தது. வழியில் எங்கோ அந்தக் கோபம் தணிந்து, அப்பா நினைவுக்கு வந்தார். மற்றவர்கள் மைதானம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் மட்டும் அந்த வலைக்கு முன்னால் இப்படியும் அப்படியும் நடப்பார். கம்பங்களை ஒரு தட்டுத் தட்டுவார். பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது வலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பவர்களிடம் ஊர்க்கதை பேசுவார். சந்தையில் எல்லோரும் இறங்கிய பிறகு, அவள் இருக்கையிலிருந்தே திரும்பினாள்.

"அம்மா, அப்பாவுக்கு முழு மைதானம் எதுக்கு? அவரு பெனால்டி பாக்ஸைத் தாண்டி வெளிய வந்ததே கிடையாதே."

சிஸ்டரம்மா தோள் குலுங்கச் சிரித்தார். "ஆமா. மூச்சு வாங்கும் அவருக்கு" என்றார். அந்த இரண்டு பெனால்டியும் எந்தப் பக்கத்துக் கோலில் என்று மகள் கேட்டாள். "வடக்குக் கோல். வெயில் அவரு முகத்துல அடிச்சுச்சு" என்றார் சிஸ்டரம்மா. பஸ்ஸை விட்டு இறங்கும்போது இருவருக்கும் என்ன கேட்பது என்று தெரிந்துவிட்டது.

நகர்மன்றக் கூட்டத்துக்கு மகள் சீருடையோடு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிஸ்டரம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் கண்ணாடிக் கடைக்காரரும் வந்து, என்ன ஏது என்று தெரியாமல் கடைசி வரிசையில் இருந்தார். சிஸ்டரம்மா எழுந்து சதுப்பின் கதையைச் சொன்னார். வார்டில் நோயாளியின் நிலையைப் பெரிய டாக்டரிடம் சொல்வதுபோல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். கடைசி வரிசையில் ஒருவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மைதானத்துக்கு இருக்கிற பெயர் இருக்கட்டும், அதை வெளியே தெரியும்படி எழுதுங்கள், என் கணவருக்கு வடக்குக் கோலை மட்டும் கொடுங்கள் என்று சொல்லி முடித்தார்.

தலைவர் நெற்றியைத் தேய்த்தார். அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே என்றார். கவுன்சிலர் முகம் வாடிப்போனது. தன் வளைவு போய்விட்டது என்று அவருக்கு வருத்தம். ஓர் உறுப்பினர், வடக்குக் கோலுக்குப் பெயர் வைத்தால் தெற்குக் கோல் என்ன பாவம் செய்தது என்று கேட்டுச் சிரிப்பை வாங்கினார்.

"ஒரு கோலுக்குப் பேர் வைக்கிறது எங்கயும் நடந்ததா நான் கேள்விப்படலையே, சிஸ்டரம்மா" என்றார் தலைவர்.

"விரல் முறிஞ்ச கையால ரெண்டு பெனால்டியைப் பிடிச்சதும் எங்கயும் நடந்ததா நான் கேள்விப்படல, ஐயா."

தலைவர் செயலரைப் பார்த்தார். செயலர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, கோலுக்குப் பெயர் வைக்கக் கூடாது என்று எங்கும் இல்லை என்றார். கைகள் உயர்ந்தன. கவுன்சிலர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வளைவு எப்படியும் வரும், அதில் போஸ்ட் மாஸ்டர் பெயர் வரும் என்று தெரிந்ததும் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றுதான் கணக்கு என்று செயலர் சொல்ல வேண்டியிருந்தது.

விழா குறித்த நாளிலேயே, ஊர் அணியின் ஓர் ஆட்டத்தோடு நடந்தது. வளைவின் மேல் போஸ்ட் மாஸ்டரின் பெயர். சுத்தம் செய்த கல்லை வாசலுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வடக்கு வலைக்குப் பின்னால் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'பிசின் கோல்'. சிஸ்டரம்மாவும் மகளும் அதற்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்கள். பக்கத்தில் கண்ணாடிக் கடைக்காரர். வாழ்நாளில் அவர் பார்க்கும் முதல் கால்பந்து ஆட்டம் அதுதான். தாத்தாவும் ஆட்டம் பார்த்ததில்லை, தரை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார் என்றார்.

முதல் பாதியில் ஊர் அணி பிசின் கோலைக் காத்தது. பத்தாவது நிமிஷம் ஒரு பந்து உள்ளே போனது. ஒலிபெருக்கியில் வர்ணனையாளர், பிசின் கோலில் விழுந்த முதல் கோல் இது என்று உணர்ச்சியோடு அறிவித்தார். இருபதாவது நிமிஷம் இரண்டாவது. அதையும் அதே உணர்ச்சியோடு அறிவித்தார். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மூன்றாவது விழுந்தபோது, ஊர்க் கோல்காப்பாளர் பலகையைத் திரும்பிப் பார்த்து நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்தார்.

"ஒரு சீசன் முழுக்க அவரு விட்டதே நாலுதான்" என்று சிஸ்டரம்மா பல்லைக் கடித்தார். பலகையைக் கழற்றிவிடலாமா என்று மகள் காதோரம் கேட்டாள். பேசாமல் ஆட்டத்தைப் பார் என்று அதட்டல் வந்தது.

இரண்டாம் பாதியில் பக்கம் மாறியது. இப்போது பிசின் கோலில் நின்றது எதிரணிக் கோல்காப்பாளர். ஊர் அணி அந்தப் பக்கம் பாய்ந்தது. ஒன்று விழுந்தது. கால் மணி நேரத்தில் இன்னொன்று. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது, யாருடைய முதுகிலோ பட்டுத் திசைமாறிய பந்து உருண்டு உருண்டு உள்ளே போனது. மூன்றுக்கு மூன்று. மைதானம் எழுந்து நின்றது. மகள் இருக்கை மேலேயே ஏறி நின்றாள். கண்ணாடிக் கடைக்காரர் எதற்கென்று முழுசாகப் புரியாமலே எல்லோரையும் விடச் சத்தமாகக் கைதட்டினார்.

ஆரவாரம் அடங்கியதும் அவர் சிஸ்டரம்மா பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் ஒரு சந்தேகம் கேட்டார். "பேர் வெச்ச கோல்லதான் எல்லாம் விழணும்னு விதி ஏதாவது இருக்கா, சிஸ்டரம்மா?"

அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. ஆறு கோலும் பிசின் கோலில்தான் விழுந்திருக்கின்றன. எதிரே பெயரில்லாத தெற்குக் கோலுக்குள் ஒரு பந்துகூட நுழையவில்லை.

சிஸ்டரம்மா அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்து, புதுக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "இன்னைக்கு அவரு இருந்திருந்தா சாப்பிடவே மாட்டாரு" என்றார், மூச்சு விட்டு விட்டு.

மகள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு இருக்கையிலிருந்து இறங்கினாள். ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். பிசின் கோலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை. கடைசிக் கோல் முதுகில் பட்டதா தோளில் பட்டதா என்று ஆளுக்கொரு பக்கம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டரம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "முதுகுதான். நான் பார்த்தேன்" என்று அந்தப் பேச்சுக்குள் இறங்கினார்.